பிக்மி கோரி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிக்மி கோரி என்பது வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மிகச் சின்னக் கெளுத்தி மீன், கோரி என்பது கோரிடோரஸ் என்ற பெயரின் சுருக்கம். அதைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று. இது தொட்டியின் தரையைக் கூட்டிப் பெருக்க வாங்கும் மீன் இல்லை, கூட்டமாக நீந்தும் மீன். பலருடைய தொட்டியில் இது ஒவ்வொன்றாகச் சாவதற்கு இந்த ஒரு தவறான எண்ணம்தான் காரணம்.

அண்ணா, பிக்மி என்று சொல்லி ஆறு மீன் கொடுத்தார்கள். உடம்பில் கோடே இல்லை, வால் அடியில் மட்டும் கரும்புள்ளி. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, உங்களிடம் இருப்பது ஹஸ்டேட்டஸ் என்ற இன்னொரு குட்டிக் கோரி. குட்டிக் கோரி என்று கடைக்கு வருபவை மூன்று, மூன்றையும் ஒரே பெயரில் விற்றுவிடுகிறார்கள். பிக்மி கோரியின் அறிவியல் பெயர் பிக்மேயஸ், அதற்கு மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை அறுபடாத ஒரு கருங்கோடு ஓடும், வயிற்றை ஒட்டிக் கீழே இன்னொரு மெல்லிய கோடும் இருக்கும். ஹஸ்டேட்டஸுக்கு வால் அடியில் ஈட்டிமுனை மாதிரி கரும்புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. மூன்றாவதான ஹப்ரோசஸுக்குக் கோடு துண்டு துண்டாக, திட்டுத் திட்டாக உடைந்திருக்கும். முதல் இரண்டும் நடு நீரில் நீந்தும், ஹப்ரோசஸ் பெரும்பாலும் தரையிலேயே கிடக்கும். பிக்மேயஸ் பிரேசிலின் மதெய்ரா ஆற்றுப் பகுதியிலிருந்து 1966-ல் அறிவியலில் முதலில் விவரிக்கப்பட்ட மீன், ஹப்ரோசஸின் ஊர் வெனிசுவேலா, கொலம்பியா பக்கம் ஒரினோகோ படுகை. மூன்றுமே ஏறக்குறைய 2 முதல் 3 சென்டிமீட்டர்தான், பெண் கொஞ்சம் பெரிதாக, வயிறு உருண்டையாக இருக்கும்.

என்னுடையதில் கோடு தெளிவாக இருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்கிறதே?

அது ஓட்டோசிங்க்ளஸ், சுருக்கமாக ஓட்டோ, உறிஞ்சும் வாயுள்ள வேறொரு குட்டி மீன். அதற்கும் இதே கருங்கோடு உண்டு, அதனால் குழப்பம் வரும். வாயைப் பாருங்கள், கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டினால் ஓட்டோ, வாயோரம் குட்டி மீசைகள் தொங்கினால் கோரி. ஓட்டோ பாசி தின்னும், கோரி தின்னாது, எனவே சாப்பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

இணையத்தில் காஸ்ட்ரோடெர்மஸ் பிக்மேயஸ் என்று போட்டிருக்கிறது. வேறு மீனா சார்?

அதே மீன்தான். 2024-ல் கோரிடோரஸ் பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். பிக்மேயஸும் ஹஸ்டேட்டஸும் காஸ்ட்ரோடெர்மஸுக்குப் போயின, ஹப்ரோசஸ் ஹோப்லிசோமாவுக்கு. கடையில் பழைய பெயரே போதும்.

சக்கர் மீன் மாதிரி கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்குமா?

வைக்காது. எந்த மீனும் மற்ற மீனின் கழிவைத் தின்று வாழாது. அப்படி நம்பி விடுகிற வீட்டில் மற்ற மீன்கள் மேலேயே எல்லாவற்றையும் தின்றுவிட, இது மெதுவாக வயிறு ஒட்டிப் போகும். மேலிருந்து பார்க்கும்போது வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி என்று அர்த்தம். வாய் மிகச் சின்னது, பெரிய பெல்லட்டை (உருண்டைத் தீனி) அப்படியே போட்டால் பயனில்லை, தூளாக்கிப் போடுங்கள். முட்டையிலிருந்து பொரிந்த ஆர்டீமியா (குட்டி உப்புநீர் இறால்), மைக்ரோ வார்ம் (நுண்புழு), டாஃப்னியா (நீர்த்தெள்ளு) கொடுத்தால் ஒரே மாதத்தில் உடம்பு தேறுவது கண்ணுக்குத் தெரியும். விளக்கை அணைத்த பிறகு ஒரு சிட்டிகை போடுவது என் வழக்கம்.

எத்தனை வாங்கலாம்? இடம் எவ்வளவு வேண்டும்?

பத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். மூன்று நான்கு வாங்கினால் செடிக்குள் ஒளிந்தே காலம் தள்ளும், பதினைந்து இருந்தால் நடு நீரில் கூட்டமாக நின்று கண்ணைச் சிமிட்டும். ஆம், கோரி கண்ணை உருட்டுவது சிமிட்டுவது போலவே தெரியும்! 40 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் பில்டர் (பஞ்சு வடிகட்டி), அடர்ந்த செடி, தரைக்கு மென்மையான மணல். கூர்மையான கல் வேண்டாம், மீசை தேய்ந்து புண்ணாகும்.

திடீரென்று மேலே பாய்ந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குகிறது. நோயா அக்கா?

அக்கா இல்லை, அண்ணன்தான், பரவாயில்லை. நோயும் இல்லை. இந்தக் குடும்பத்து மீன்கள் காற்றை விழுங்கி, குடலிலேயே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அவ்வப்போது போனால் இயல்பு. எல்லாம் சேர்ந்து விடாமல் மேலே போய்வந்தால் தண்ணீரில் கோளாறு, உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

சென்னையில் கோடையில் தண்ணீர் 31 டிகிரி தொடுகிறது. தாங்குமா?

கஷ்டம்தான். 22 முதல் 26 டிகிரிதான் இதற்கு இதமானது. மூடியைத் திறந்து வலை போட்டு, மேலே சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆவியான தண்ணீரைத் தினமும் ஈடுகட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் புதிதாக வாங்க வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

ஏஞ்சல் மீனோடு விடலாமா?

கூடாது. ஏஞ்சல் விழுங்கப் பார்க்கும், கோரி துடுப்பு முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும், தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும்.

வாங்கி வந்த பையிலேயே எட்டில் ஐந்து செத்துவிட்டது. கடைக்காரர் என் தவறு என்கிறார்.

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது, பன்னிரண்டு மீன் போயிற்று. கோரி பயந்தால் மார்புத் துடுப்பு முள்ளின் அடியிலிருக்கும் சுரப்பியிலிருந்து நஞ்சு விடும், சின்னப் பையில் அது அவற்றையே கொன்றுவிடும். பையில் நுரை கட்டினாலோ தண்ணீர் கலங்கினாலோ வழியிலேயே தண்ணீரை மாற்ற வேண்டும். பிடிக்கும்போது வலையில் முள் சிக்கும், டம்ளரில் பிடித்துத் தரச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் குட்டிக் குட்டி முட்டை! என்ன செய்வது?

வாழ்த்துகள். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினீர்களா? மழைக்காலம் வந்ததாக நினைத்து முட்டையிடும். பெண் வயிற்றுத் துடுப்புகளைக் கூடையாக மடித்து முட்டையைப் பிடித்து, ஒன்றிரண்டாக ஒட்டிவிட்டுப் போகும். விரல் நுனியால் உருட்டியெடுத்து, அதே தொட்டித் தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு, மெல்லக் காற்று விட்டு, ஒரு துண்டு நாட்டு வாதுமை இலையும் போடுங்கள். வெள்ளையாகிப் போனவற்றை அன்றே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். மூன்று நான்கு நாளில் பொரியும். மஞ்சள் கரு தீர்ந்த பிறகுதான் தீனி, மைக்ரோ வார்ம் கல்சரை (வளர்ப்புக் கலவை) இன்றே தயார் செய்துவிடுங்கள், அப்புறம் தேடினால் நேரம் இருக்காது.