“45 முதல் 55, இடையிடையே 65”: கடல் எச்சரிக்கை பற்றி வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டிக் கடலோர வாசகர்கள் கேட்டிருந்தவை இவை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

“சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்” என்கிறார்கள். 55க்கும் 65க்கும் பத்துதானே வித்தியாசம்? அதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? (தங்கச்சிமடம் வாசகர்)

முதல் இரண்டு எண்களும் சராசரி. இந்திய வானிலை ஆய்வு மையம் மூன்று நிமிடக் காற்றைச் சராசரி எடுத்து வேகத்தைச் சொல்கிறது. மூன்றாவது எண், சில நொடிகள் மட்டும் வந்து அறையும் காற்றின் வேகம். படகு கவிழ்வது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்தக் கணக்கில் 45-ல் வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென 65-க்கு ஏறினால், படகின் மேல் விழும் விசை இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். அதனால் அறிவிப்பைக் கேட்டதும் கடைசி எண்ணை முதலில் பாருங்கள்.

45 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 25 நாட் (கடலில் வேகத்தைச் சொல்லும் அலகு). அந்த வேகத்தில் கடலெங்கும் அலைத்தலைகள் வெள்ளையாக உடையும், சாரல் முகத்தில் அடிக்கும். 55-ஐத் தாண்டினால் உடைந்த நுரை காற்றின் திசையில் கோடு கோடாக நீளத் தொடங்கும். பாக் நீரிணைப் பகுதியில் இதே காற்றுக்குக் கடல் இன்னும் மோசமாக இருக்கும். அங்கே பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம் என்பதால் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும்பும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது அணியத்தில் (படகின் முகப்பில்) மோதிவிடும்.

இன்னொன்று: இந்த அறிவிப்பில் வரும் ‘சூறாவளிக்காற்று’ என்பது விட்டு விட்டு வீசும் பலத்த காற்றைக் குறிக்கும், புயலை அல்ல. இலங்கைத் தமிழில் சூறாவளி என்றாலே புயல்தான். இரு கரையின் வானொலியையும் கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

“புயலாக மாறாது” என்று சொல்லிவிட்டால் கடலுக்குப் போகலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

கூடாது. ‘புயல்’ என்பது காற்றின் வேகத்துக்கு வைத்த ஒரு பெயர், அவ்வளவுதான். மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 என்றால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல், 89-ல் தீவிரப் புயல், 118-ல் அதி தீவிரப் புயல். 61-க்கும் 62-க்கும் நடுவே பெயர் மாறுகிறதே தவிர, கடலில் எந்தக் கோடும் இல்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் உருவானதை நினைத்துப் பாருங்கள். பல நாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே இழுத்துக்கொண்டிருந்தது. புயலாகாமலே கரையைக் கடக்கும் என்றுகூட ஒரு கட்டத்தில் கணித்தார்கள். 29-ஆம் தேதி புயலானது, 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை ஏறியது. ‘புயல் இல்லை’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பிப் புறப்பட்டவருக்கு நடுக்கடலில் என்ன ஆகியிருக்கும்?

2017-இல் ஒக்கி இன்னும் வேகம். நவம்பர் 29-இல் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலை குமரிக்கடலில் புயல். வாரக்கணக்கில் தங்கிப் பிடிக்கப் போயிருந்த குமரி மாவட்டப் படகுகள் கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தன. தங்குகடல் போகிறவர்கள் புறப்படும் நாளின் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. கடலில் இருக்கப்போகும் நாள்கள் முழுவதற்கும் பாருங்கள். பக்கத்தில் தாழ்வுப்பகுதி ‘உருவாகக்கூடும்’ என்ற சொல் இருந்தாலே, திரும்பிவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டுவிட்டுத்தான் நங்கூரம் தூக்க வேண்டும்.

தாழ்வு மண்டலம் எதுவும் இல்லாமலும் எச்சரிக்கை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றே 45-ஐத் தாண்டிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முனைக்கும் இலங்கைக்கும் நடுவே நெருக்குண்டு வருவதால் அங்கே அதற்கு வேகம் கூடுகிறது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு: எண் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றுதானே பொருள்? (கடலூர் வாசகர்)

முழுக்க அப்படி அல்ல. 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். 2 என்றால் தொலைவில் புயல். இரண்டிலும் துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை, ஆனால் புறப்பட்டுப் போகும் கலங்களுக்கு உண்டு. 3 வந்தால் பலத்த காற்று துறைமுகத்தையே தாக்கக்கூடும். 4 என்றால் புயலே தாக்கக்கூடும்.

5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்குரியவை. அது துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான் வித்தியாசம். புயல் போகும் திசையைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். துறைமுகம் இடக்கைப் பக்கம் வந்தால் 5, வலக்கைப் பக்கம் என்றால் 6, நேராகத் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ என்றால் 7. தீவிரப் புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டால் 11.

நம் கிழக்குக் கரைக்குப் புயல் பெரும்பாலும் மேற்கு நோக்கி வருவதால், அதன் வலப்பக்கம் என்பது வடக்கு. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும், புயல் நகரும் வேகமும் அதோடு சேரும், கடல்நீர் ஊருக்குள் ஏறும். அதனால் 5-ஐவிட 6-க்கும், 8-ஐவிட 9-க்கும் தண்ணீர் பயம் அதிகம்.

“அலை உயரம் 2.5 முதல் 3 மீட்டர்” என்றால் அதற்கு மேல் வராதா? (தூத்துக்குடி வாசகர்)

வரும். முன்னறிவிப்பில் சொல்வது, வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. நூறு அலையில் ஒன்றிரண்டு அதைவிட வெகு உயரமாக இருக்கும். ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை போகும். 3 மீட்டர் என்று போட்டிருந்தால் 5, 6 மீட்டர் அலையைச் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும்.

உயரத்துக்குப் பக்கத்திலேயே அலை இடைவெளியை நொடியில் தந்திருப்பார்கள். அதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2.5 மீட்டர் அலை 6 நொடிக்கு ஒன்று வந்தால் இரண்டு முகடுகளுக்கு நடுவே சுமார் 56 மீட்டர்தான்; படகை அடித்து நொறுக்கும். அதே உயரம் 15 நொடிக்கு ஒன்று வந்தால் இடைவெளி 350 மீட்டர். ஆழ்கடலில் படகு மெல்ல ஏறி இறங்கும், பயமே தெரியாது. ஆனால் அந்த நீண்ட அலைதான் கரையிலும் துறைமுக வாயிலிலும் கொல்லும். ஆழம் குறையக் குறைய உயர்ந்து, ஆழம் அலை உயரத்தின் ஒன்றேகால் மடங்கு அளவுக்கு வந்ததும் உடைந்து விழும்.

கள்ளக்கடல் என்பதும் இதுதான். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய அலைகள் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, நான்கைந்து நாளில் நம் கரைக்கு வந்துசேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இராது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் அலையில் சிக்கி இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கெனத் தனி எச்சரிக்கை தருகிறது. வெயில் அடிக்கிறதே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

கைப்பேசி செயலியில் காற்று வரைபடம் பார்க்கிறோம். அது போதாதா?

போதாது. அதில் வருவது கணினிக் கணிப்பு. இடியோடு கூடிய மழைமேகம் திடீரென இறக்கும் காற்றை அது பெரும்பாலும் காட்டாது; அந்தக் காற்று கால் மணி நேரமே வீசினாலும் படகைப் புரட்டப் போதுமானது. அலகையும் கவனியுங்கள். நாட் என்று இருந்தால் இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 25 நாட், 45 கிலோமீட்டர். நொடிக்கு மீட்டர் என்றால் 3.6-ஆல் பெருக்க வேண்டும். 15 என்று பார்த்துவிட்டு ‘காற்றே இல்லை’ என்று கிளம்பினால், அது 54 கிலோமீட்டராக இருக்கும்.

சிக்னல் கிடைக்காத இடத்தில் புயல் வருவதை எப்படித் தெரிந்துகொள்வது? (குளச்சல் வாசகர்)

காற்றழுத்தமானி இருந்தால் அதுதான் முதல் துணை. சில கைப்பேசிகளிலும் இந்த உணரி உண்டு, சிக்னல் இல்லாமலே வேலை செய்யும். நம் கடலில் அழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10 மணியளவில் உச்சம், விடிகாலை 4, மாலை 4 மணியளவில் தாழ்வு. இந்த ஏற்ற இறக்கமே சுமார் 3 மில்லிபார் இருக்கும். காலை பத்து மணி அளவை மாலை நாலு மணி அளவோடு ஒப்பிட்டுப் பயப்படக் கூடாது. நேற்று இதே நேரத்தில் இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படுங்கள், 5 குறைந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்புங்கள்.

அடுத்தது அலை. பத்து முகடு கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துப் பத்தால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். வழக்கமான 6, 7 நொடி 12-க்குப் போய், அந்த அலை காற்று வீசாத திசையிலிருந்து வந்தால், தூரத்தில் எங்கோ பெருங்காற்று இருக்கிறது.

காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள். புயலின் மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும். வடக்கிலிருந்து வாடையாக வீசியது கிழக்கிலிருந்து வரும் கொண்டலாகித் தெற்கு நோக்கித் திரும்பினால், மேற்கே வரும் புயலின் வடபக்கம் இருக்கிறீர்கள். காற்று உங்களை அதன் பாதைக்குள்ளேயே தள்ளும். வாடை கச்சானாகத் திரும்பினால் தென்பக்கம், ஆபத்து ஓரளவு குறைவு. திசை மாறாமல் வேகம் மட்டும் கூடி, அழுத்தமும் விழுந்துகொண்டே போனால் நேர் பாதையில் நிற்கிறீர்கள்.

மாட்டிக்கொண்டால்?

இழுவலை கடலில் இருந்தால் உடனே ஏற்றுங்கள், நேரமில்லை என்றால் அறுத்துவிடுங்கள். வலை பின்னால் இழுத்துப் பிடித்த படகில், பின்பக்கமாக அலை ஏறிவிடும். மேல்தளத்து வலை, ஐஸ் பெட்டி, மீன் எல்லாவற்றையும் கீழே இறக்கி மூடிகளை இறுகக் கட்டுங்கள். எல்லோரும் உயிர்காப்புச் சட்டையை அப்போதே போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு அதை மாட்ட முடியாது.

படகு ஆடும்போது டீசல் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். கடும் காற்றில் என்ஜின் நிற்பதற்கு இது முக்கியக் காரணம். மாற்று ஃபில்டரும் அதைக் கழற்றும் சாவியும் என்ஜின் பக்கத்திலேயே இருக்கட்டும். அடித்தளத்தில் கிடக்கும் பாலித்தீன் பை, நூல் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள், பம்ப்பை அடைப்பவை அவைதான்.

அலையை அணியத்தில், சற்றுச் சாய்வாக வாங்கி, என்ஜினை மெதுவாக ஓட்டிப் பிடித்து நில்லுங்கள். அலைக்கு முதுகு காட்டிக் கரைக்கு விரைந்தால் பின்னால் வரும் அலை தூக்கிப் படகைப் பக்கவாட்டில் திருப்பிப் புரட்டிவிடும். என்ஜின் நின்றுபோனால், தார்ப்பாயையோ வலைக் கட்டையோ 50 மீட்டருக்குக் குறையாத கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து கடலில் விடுங்கள், முகப்பு அலையைப் பார்த்தே நிற்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைச் சுற்றுங்கள். இல்லையென்றால் சில மணி நேரத்தில் அறுந்துவிடும்.

வி.எச்.எஃப். வானொலிக் கருவியின் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554. முதலில் இருக்குமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு ஆள் எண்ணிக்கை, அதன் பிறகே மற்றவை. பாதியில் தொடர்பு அறுந்தாலும் தேடி வர இடம் தெரிந்திருக்கும்.