காய்ச்சல் நேரத்தில் சர்க்கரை: கேள்விகளும் பதில்களும்

சளி, இருமல், காய்ச்சலோடு சர்க்கரை நோயையும் சமாளிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, நீரிழிவு மருத்துவராக என் பதில்கள். சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் சர்க்கரை 280 காட்டுகிறது. மீட்டர் பழுதா?

கையைக் கழுவித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதேதான் என்றால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். தொற்று வந்ததும் உடம்பு கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை அதிகம் சுரக்கும். கல்லீரல் தன்னிடம் இருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் விடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. அதனால் பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை சிறுநீரில் நீரை இழுத்துக்கொண்டு போகும். காய்ச்சலில் வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வறண்டுவிடும், சர்க்கரை இன்னும் ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவர் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள், இரவிலும்தான். அடுத்தடுத்து 250-க்கு மேலேயே நின்றால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: எனக்கு டைப் 1. ஃப்ளூவோடு வாந்தியும் இருக்கிறது. எதுவும் சாப்பிடாததால் நேற்று இரவிலிருந்து இன்சுலின் போடவில்லை. சரிதானே?

சரியில்லை. இதைப் படித்ததும் முதலில் சர்க்கரையும் கீட்டோனும் பாருங்கள், உங்கள் மருத்துவரையும் கூப்பிடுங்கள். நாள் முழுக்க வேலை செய்யும் அந்த அடிப்படை இன்சுலினை, டைப் 1, அதாவது உடம்பே இன்சுலின் சுரக்காத வகை, உள்ளவர்கள் எந்தக் காய்ச்சலிலும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைத்தான் உணவுக்கும் சர்க்கரைக்கும் தக்கபடி மாற்றுவோம். சர்க்கரை தாழ்ந்தால் இனிப்பான பானம் குடித்துவிட்டு அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலினே இல்லையென்றால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும், ரத்தம் அமிலமாகும். ரத்தக் கீட்டோன் (இது மட்டும் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில்) 0.6-க்குக் கீழே இருந்தால் இப்போதைக்குக் கவலையில்லை. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து நெருங்குகிறது. 3 என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுதான். வாந்தி நிற்காவிட்டால் எண் எதுவானாலும் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மூன்றும் எடுக்கிறேன். காய்ச்சலில் எதை நிறுத்துவது?

மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. டாபாகிளிஃப்ளோசினை (எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசினும் இதே வகைதான்) உடம்பு சரியில்லாமல் சாப்பாடு குறையும்போது நிறுத்தச் சொல்வோம். இந்த வகையில் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் ஏறி அமிலத்தன்மை வரலாம். மீட்டரில் எண் நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பயம். குமட்டல், வயிற்று வலி, வேகமான மூச்சு இருந்தால் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்காமல் கீட்டோன் பரிசோதியுங்கள்.

மெட்ஃபார்மினைச் சாதாரணச் சளிக்கு நிறுத்த வேண்டாம். வாந்தி, பேதி, மூச்சுத் திணறல் என்று போனால் நிறுத்த வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். சாப்பாடு குறைந்தால் அதன் அளவைப் பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை.

நிறுத்திய மாத்திரைகளை, ஒன்றிரண்டு நாள் வழக்கம்போல் சாப்பிட்டுக் குடித்த பிறகு ஆரம்பிக்கலாம். இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பதிலைப் பார்த்து அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: இருமல் மருந்து சர்க்கரை இல்லாததாகத்தான் வாங்க வேண்டுமா?

கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றிரண்டு ஸ்பூனால் பெரிய மாற்றம் வராது. மூக்கடைப்பு மாத்திரைகளில்தான் எனக்குக் கவனம். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றலாம்.

கேள்வி: நண்பருக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நானும் போடலாமா? அவருக்கு இருமல் சீக்கிரம் குறைந்தது.

தயவுசெய்து வேண்டாம். கோவிட் காலத்தில், 2020-இல், ரெகவரி என்ற பெரிய ஆய்வு டெக்ஸாமெதாசோன் உயிர் காக்கும் என்று காட்டியது உண்மைதான். தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆனால் பலன் கிடைத்தது ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குத்தான். தேவைப்படாதவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சர்க்கரை உள்ளவருக்கோ கூடுதல் தொல்லை.

மருத்துவரே எழுதியிருந்தால் கட்டாயம் போடுங்கள். காலையில் பிரெட்னிசோலோன் போட்டால் வெறும் வயிற்றில் சர்க்கரை பெரும்பாலும் நல்லபடியாக இருக்கும், மதியத்துக்கு மேல்தான் ஏறும். அதனால் காலையில் மட்டும் பார்த்தால் தெரியாது, மாலையிலும் பாருங்கள். ஸ்டீராய்டு குறையும்போது, அதற்காகக் கூட்டிய இன்சுலினும் குறைய வேண்டும். அதை மறந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். சிகிச்சை முடிந்த பிறகும் முகத்தில் ஒரு பக்கம் வலி, வீக்கம், மூக்கில் கறுப்பாக வடிதல், பார்வை மங்கல் இருந்தால் அன்றே காட்டுங்கள். மியூக்கர் என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், அது வேகமாகப் பரவும்.

கேள்வி: தனியாக இருக்கும் அம்மாவை எப்போது மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்?

மூச்சு வாங்கினால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால், பேச்சில் குழப்பமோ அளவுக்கு மீறிய தூக்கமோ தெரிந்தால், தண்ணீர்கூட உள்ளே நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டாம். ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் இந்த நிலைக்கு முன்பே போகலாம். வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

கேள்வி: நிமோனியாவுக்குச் சேர்ந்தபோது சர்க்கரை 240 என்றார்கள். இதற்கு முன் எனக்குச் சர்க்கரையே கிடையாது. இனி வாழ்நாள் முழுக்க மாத்திரையா?

இப்போதே முடிவு கட்ட முடியாது. நோயின் அழுத்தத்தால் ஏறியதும் இருக்கும், முன்பே இருந்து தெரியாமல் போனதும் இருக்கும். ஹெச்பிஏ1சி பரிசோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அநேகமாக முன்பே இருந்திருக்கிறது. குறைவாக இருந்தால் குணமான பிறகு, ஸ்டீராய்டும் நின்ற பிறகு, வெறும் வயிற்றில் மறுபடி பாருங்கள். அதுவரை மருத்துவமனையில் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.