பட்டு நூற்ற பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய வாகன உதிரிபாக நிறுவனத்தில் பொறியாளராக இருக்கிறேன். ‘ஜப்பான் எழுந்த கதை’ என்ற தலைப்பில் அலுவலகத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கதவை அடைத்துக்கொண்டு தூங்கிய நாடு, 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கப்பல்கள் வந்ததும் விழித்துக்கொண்டு, ஐம்பது சொச்சம் ஆண்டுகளில் ரஷ்யாவையே தோற்கடித்தது. ஒழுக்கம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாமும் சில ஆண்டுகள் இறக்குமதியை நிறுத்திக் கதவடைத்தால் நம் தொழில் வளராதா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். கொஞ்ச நாளாகவே ஜப்பானின் பட்டு ஆலைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில், ரத்தத்தில் ஒழுக்கம் என்பதை உரையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு பொறியாளர் எழுதுகிற வரியா இது? உங்கள் லைனில் ஒரு பாகம் குறையில்லாமல் வந்தால், ரத்தம்தான் காரணம் என்று ரிப்போர்ட் கொடுப்பீர்களா? தூங்கினார்கள் என்பதும் தவறு. நாகசாகித் துறையில் டெஜிமா என்ற சின்னத் தீவில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள், சீன வணிகர்களும் வந்துபோனார்கள். டச்சு மொழியில் இருந்த உடற்கூறு நூல் ஒன்றை மொழிபெயர்த்து 1774இல் வெளியிட்டார்கள். சாகா சிற்றரசில் ஒரு டச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பீரங்கி வார்க்க உலை கட்டினார்கள், அது 1850இல். பெர்ரி வர இன்னும் மூன்று வருடம் இருந்தது.

சரி, அதை விடுங்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். ‘எழுந்தது’ என்கிறீர்களே, எழுவதற்கு யார் காசு கொடுத்தது? இயந்திரம், தண்டவாளம், கப்பல் எல்லாவற்றையும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்த நாடு அது. துறைமுகங்கள் திறந்த காலத்திலிருந்து 1930கள் வரை அதன் ஏற்றுமதியில் முதலிடம் பெரும்பாலும் கச்சாப் பட்டுக்குத்தான். அந்தப் பட்டை நூற்றவர்கள் பெண்கள். அதிலும் பலர் சிறுமிகள் என்று சொல்லத்தக்க வயதினர். உங்கள் கடிதத்தில் அவர்களில் ஒருத்தி கூட இல்லை.

1872இல், பேரரசர் மெய்ஜியின் புதிய அரசு குன்மா பகுதியின் டொமியோக்காவில் பட்டு நூற்பாலை கட்டியது. பால் புருனா என்ற பிரெஞ்சுக்காரர் வழிகாட்டினார். இயந்திரம் பிரான்சிலிருந்து வந்தது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நூல் எடுக்கலாம். ஆனால் பெண்கள் வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் குடிப்பதைப் பார்த்துவிட்டு, ரத்தம் குடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. ஆலைத் தலைவர் ஒடாகா கடைசியில் தன் பதின்வயது மகள் யூவையே முதல் ஆளாகச் சேர்த்தார். மறு ஆண்டு மட்சுஷிரோவிலிருந்து வாடா எய் என்ற பெண் வந்தாள், சாமுராய் குடும்பம். தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, அங்கே புதிதாகத் தொடங்கிய ஆலையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிற்காலத்தில் அதையெல்லாம் நினைவிலிருந்து எழுதியும் வைத்தாள். கொதிநீரில் மிதக்கும் பட்டுப்புழுக் கூட்டில் இழையின் நுனியைத் தேடி எடுத்து, சில இழைகளைச் சேர்த்து, ஒன்று தீரும் கணத்தில் அடுத்ததைக் கோத்து, நூலின் பருமன் மாறாமல் பார்த்துக்கொள்வது வெறும் கூலிவேலை இல்லை. தொழில்நுட்பம் மாகாணங்களுக்குப் போய்ச் சேர்ந்தது இந்தப் பெண்களின் கைவழியாகத்தான்.

என் பெரியம்மா கோவையில் ஒரு நூல் மில்லில் இருந்தார். அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற வேகத்தைச் சின்ன வயதில் எனக்கு வெறும் கையால் செய்து காட்டுவார், கண்ணால் பின்தொடர முடியாது. பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி, கடைசிக் காலத்தில் படுத்தபடி தூங்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். அந்த மில்லின் ஆண்டு மலரை ஒருமுறை புரட்டினேன். முதலாளிகள், மேலாளர்கள், வெளிநாட்டு இயந்திரத்தின் படம்கூட இருந்தது. இழை ஒட்டியவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து ‘ஒரு நாடு எழுந்தது’ என்று யார் சொன்னாலும் எனக்குப் பெரியம்மாவின் கைதான் ஞாபகம் வருகிறது.

டொமியோக்கா அரசு ஆலை. ஆரம்பத்தில் வேலைநேரம் சுமார் எட்டு மணி, ஞாயிறு விடுமுறை, வைத்தியர் உண்டு. ஆனால் லாபம் வந்தது அங்கே இல்லை, சுவா ஏரிக்கரைத் தனியார் ஆலைகளில். மலிவான உள்நாட்டுப் பொறிகள், பதிமூன்று பதினான்கு மணிநேர வேலை. நூலை எடைபோட்டு, தரம் பார்த்து, ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிட்டுக் கூலி. முன்பணத்தை அப்பா வாங்கிக்கொள்வார், மகள் பனி மூடிய நொமுகி கணவாயை நடந்தே கடந்து ஆலைக்குப் போவாள். 1913இல் இஷிஹாரா ஒசாமு என்ற மருத்துவர் ஆலைப் பெண்களையும் காசநோயையும் பற்றி மருத்துவர் சங்கத்தில் வெளிப்படையாகப் பேசினார். தொழிற்சாலைச் சட்டம் 1911இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 1916இல். பெண்களின் இரவுவேலை நிற்க 1929 ஆயிற்று.

இவர்கள் பேசாமல் சகித்துக்கொண்டார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள். ஜப்பானின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது 1886இல் கோஃபு நகரில் பட்டு ஆலைப் பெண்கள் செய்தது. வேலைநேரத்தைக் கூட்டி, கூலியைக் குறைத்ததும் வெளியேறினார்கள். நீங்கள் ஒழுக்கம் என்கிறீர்களே, அதன் மறுபக்கம் இது.

டொமியோக்கா ஆலையைத் திட்டமிட்டவர்களில் ஒருவர் ஷிபுசாவா, பின்னாளில் பெரிய தொழிலதிபர். 2024இலிருந்து பத்தாயிரம் யென் நோட்டில் அவர் முகம் இருக்கிறது. பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. உங்கள் உரையிலும் அவர் வருவார் என்று தெரியும்.

அப்புறம் உங்கள் இறக்குமதிக் கேள்வி. மேற்கத்திய நாடுகளோடு செய்த 1866 ஒப்பந்தப்படி ஜப்பானால் பெரும்பாலான பொருள்களுக்குச் சுமார் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுங்கவரி போட முடியாது. வரியை முழுக்கத் தானே தீர்மானிக்கும் உரிமை அதற்கு 1911இல்தான் திரும்பக் கிடைத்தது. நீங்கள் சொல்லும் அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி, கதவை அடைக்க அனுமதியே இல்லாத காலத்தில் நடந்தது. நம்முடைய கணக்கு வேறு, அதைத் தனியாகப் பேசுவோம்.

உரையை எழுதியதும் அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன். வாடா எய்யின் பெயரும் கோஃபு வேலைநிறுத்தமும் அதில் இருக்க வேண்டும்.