நிலத்தை விற்க வேண்டாம், புழுப் பெட்டியை இறக்கிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஐயா,

சென்ற வாரம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்களும் உங்கள் மனைவியும் மகளும் என் அறைக்கு வந்திருந்தபோது, உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினால் போதும் என்றுதான் முதல் அரை மணி நேரம் நினைத்திருந்தேன். நீட் தேர்வில் இரண்டு முறை மதிப்பெண் குறைந்ததால் எதுவும் முடிந்துவிடவில்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அதன் பிறகு நீங்கள் இரண்டு செய்திகளைச் சொன்னீர்கள். டாலஸில் இருக்கும் பெண்ணின் பெரிய மாமா வாரம் தவறாமல் அழைத்து, நிர்வாக ஒதுக்கீட்டிலாவது மருத்துவ இடம் வாங்கிவிடும்படி நெருக்குகிறார், அதற்காகக் கிணற்றோடு இருக்கும் ஒன்றரை ஏக்கருக்கு விலை பேசியாகிவிட்டது என்பது ஒன்று. பெண் மீன்தொட்டிக்கு என்று சொல்லி வீட்டில் புழு வளர்க்கிறாள், அலாஸ்காவின் பனிக்கட்டியில் வாழும் புழுவைப் பற்றியே ஓயாமல் பேசுகிறாள், புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று உங்கள் மனைவி கண்கலங்கியது மற்றொன்று. இதே நிலையில் இருக்கும் பிற பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு என் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆறுதலை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அந்த நிலத்தை விற்காதீர்கள். பணம் கட்டி எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பலர், ஐந்தரை ஆண்டுகள் கழித்து முதுநிலை இடத்துக்காக மீண்டும் ஒரு தேர்வின் முன்னும் மீண்டும் ஒரு கட்டணத்தின் முன்னும் நிற்பதை நான் பார்த்து வருகிறேன். அப்போது விற்பதற்கு உங்களிடம் இன்னொரு கிணறு இருக்காது. யோசனை சொல்லும் மைத்துனர் வட்டி கட்டப்போவதும் இல்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மருத்துவராவதில் உனக்கு எது பிடிக்கும் என்று நான் கேட்டதற்கு உங்கள் மகள் பதில் சொல்லாமல் இருந்தாள் என்பதுதான். பனிப்புழுவைப் பற்றிக் கேட்டதும் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினாள். அந்தப் பேச்சில் நான் செய்த ஒரு பிழையையும் திருத்தினாள்.

என்ன பிழை என்று சொல்கிறேன். சைபீரியாவின் கோலிமா ஆற்றுப் பகுதியில், நிரந்தரமாக உறைந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 46,000 ஆண்டுகளுக்குப் பிறகு உயிர்த்தெழுந்த புழுக்களைப் பற்றி 2023இல் வந்த செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு, "அந்தப் புழுவா?" என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றாள். அவள் சொன்னது சரி. பனிப்புழு மண்புழுவின் உறவினம். உடலில் வளையங்கள் உள்ள இனம். அலாஸ்காவின் முய்ர் பனியாற்றில் 1887இல் கண்டெடுக்கப்பட்டு, 1898இல் எமெரி என்பவரால் பெயரிடப்பட்டது. சூரியனுக்கு அஞ்சி ஓடுவது என்பது அதன் இலத்தீன் பெயரின் பொருள். கறுத்த நூல்துண்டு போன்ற அந்தப் புழு கோடைக்கால மாலைகளில் பனியின் மேற்பரப்புக்கு வந்து அங்கே வளரும் பாசியைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் உள்ளே இறங்கிவிடுகிறது. உறைநிலையை ஒட்டிய குளிர்தான் அதன் வீடு. வெப்பம் சில பாகைகள் ஏறினாலே அதன் உடல் தானாகக் கரைந்து சிதைகிறது. உறைநிலைக்குக் கீழே அதிகம் இறங்கினாலும் இறந்துபோகிறது. குளிரக் குளிர அதன் உயிரணுக்களில் ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்பதுதான் ஆய்வாளர்களை வியக்க வைத்திருக்கிறது. கோலிமா புழுவோ வளையமற்ற உருளைப்புழு. வேளாண்மைத் துறையினர் நூற்புழு என்று அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. முன்னது குளிரிலேயே ஊர்ந்து வாழ்கிறது. பின்னது உறைந்து, உயிரை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்கிறது.

உங்கள் மனைவி அஞ்சுகிற அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகள் கைப்பேசியில் படம் காட்டினாள். தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டு, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஊறிய ஓட்ஸைச் சுற்றி வெள்ளை நூல்களாக அப்பிக்கிடக்கும் புழுக்கள். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் கிரிண்டல் புழு என்று வாங்கும் இந்த உயிரும் அலாஸ்காவின் பனிப்புழுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. யாரும் சொல்லித்தராமல், தனக்கு எட்டாத உயிரின் ஒன்றுவிட்ட உறவைத் தேடிப்பிடித்து எட்டு மாதமாக வளர்த்து, நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்துவைத்திருக்கிறாள். இதைப் பைத்தியம் என்று சொல்வீர்களானால், எனக்கு இன்னும் பத்துப் பைத்தியங்களை அனுப்பிவையுங்கள்.

இனி வழியைப் பார்ப்போம். விலங்கியல் பட்டப்படிப்பு, ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத்தேர்வு முதலியவை எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். எவரும் சொல்லாத ஒன்று நூற்புழுவியல், அதாவது நூற்புழுக்களைப் பற்றிய படிப்பு. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது; டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலும் இருக்கிறது. நான்கு ஆண்டு பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர்கள் முதுநிலையில் இதை எடுக்கலாம். கோவைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலானது, நீட் கேட்கப்படுவதில்லை. உங்கள் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாகவே இருக்கிறது.

பனிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரியில் இருக்கிறது தொடர்பு. 1961இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வல்லுநர் உருளைக்கிழங்கின் முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டறிந்தார். குளிர்நிலத்துப் பயிரோடு குளிர்நிலத்துக்கு வந்த புழு அது. பெண்புழு வேரில் ஒட்டிக்கொண்டு குண்டூசித் தலை அளவுக்கு உருண்டு, பொன்னிறமாகி, இறந்த பின் அதன் தோலே பழுப்பு ஓடாக இறுகிவிடும். அந்த ஓட்டுக்குள், தாயின் உடலையே கூடாக்கிக்கொண்டு, நூற்றுக்கணக்கான முட்டைகள் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கும். பெரும்பாலும் உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் நீர் பட்டால்தான் பொரியும். முட்டைக்குள் இருக்கும் குட்டிப்புழுவைச் சூழ்ந்த திரவத்தில் ட்ரிஹலோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. கோலிமா புழுவை ஆராய்ந்தவர்கள், அதுவும் உறைவதற்கு முன் இதே சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஊட்டிக்கு அருகில் முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகம் 1985இல் வெளிவந்தது. ஆக, குளிரில் உயிர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற உங்கள் மகளின் கேள்வியை, அரசுப் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய மலையிலிருந்தே தொடங்கலாம்.

இந்தப் படிப்பில் கைக்கு வேலை அதிகம். மண்ணை நீரில் கரைத்துச் சல்லடைகளில் வடிப்பது, ரப்பர் குழாய் மாட்டிய புனலில் துணியை விரித்து இரவு முழுக்க விட்டு, காலையில் கவ்வியைத் தளர்த்திக் கீழே இறங்கிய புழுக்களைச் சேகரிப்பது, நுண்ணோக்கியின் கீழ் கண்ணிமை முடி ஒட்டிய குச்சியால் ஒற்றைப் புழுவை அள்ளி எடுப்பது என்று பொறுமை கேட்கும் பயிற்சி அது. அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ வறண்ட பள்ளத்தாக்குகளில் டயானா வால் என்ற மண் சூழலியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்ததும் நூற்புழுக்களைத்தான்; மண்ணிலிருந்து புழுவைப் பிரித்து, எண்ணி, இனம் காணும் இந்தத் திறமைதான் அங்கும் அடிப்படை. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே ஒரு பன்னாட்டு முதுநிலைப் படிப்பும் உண்டு.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். வேளாண் விஞ்ஞானிகளுக்கான ஏ.ஆர்.எஸ். தேர்வில் நூற்புழுவியல் தனிப் பாடம், ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்களுக்கு இந்த அறிவு தேவைப்படுகிறது. இவை எதுவும் அமையாவிட்டாலும் வேளாண்மைப் பட்டம் கையில் இருக்கும், டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர் பணிக்கும் வங்கிகளின் வேளாண் அலுவலர் பணிக்கும் அது போதும். அலாஸ்காவுக்குப் போவாள் என்று நான் உறுதி தரமாட்டேன்.

பணத்தைப் பொறுத்தவரை மூன்று விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அரசுக் கல்லூரி கிடைக்காமல் தனியார் வேளாண் கல்லூரிக்குப் போக நேர்ந்தால், ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நன்கொடை கேட்கும் இடத்தில் உட்காரவே வேண்டாம். மூன்றாவதாக, பட்டம் முடிந்ததும் உங்கள் மைத்துனர் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கக் கடன் வாங்கச் சொல்லுவார், மறுத்துவிடுங்கள். அறிவியல் துறைகளில் அங்குள்ள முனைவர் பட்டப் படிப்புகள் பெரும்பாலும் கட்டணத்தை நீக்கி, உதவித்தொகையும் கொடுத்தே மாணவரைச் சேர்க்கின்றன. அந்த இடம் கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் இங்கேயே செய்யட்டும். இங்கும் தேசிய அளவிலான ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் மகளிடமே விட்டுவிடுகிறேன். பனிப்புழு வளையப்புழு, நூற்புழு அல்ல. எனக்கு அந்தக் கூட்டம்தான் வேண்டும், உருளைப்புழு வேண்டாம் என்று அவள் சொன்னால், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த வழியை ஒதுக்கிவிட்டு விலங்கியலுக்கே விண்ணப்பம் போடலாம். அந்த முடிவில் நீங்களும் மாமாவும் நானும் தலையிடக் கூடாது. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அவளை ஒருமுறை முத்தோரைக்கு அழைத்துப் போய்வாருங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டதாக உங்கள் மனைவி சொன்னார். தகரக் கூரைக்கு அடியில் இந்த வெயிலில் அந்தப் புழுக்கள் அதிக நாள் தாங்காது. இன்றைக்கே இறக்கி, சமையலறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலாக வையுங்கள். ஓட்ஸை அவள் போட்டுக்கொள்வாள்.