அடி இறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தால் திரும்பவும் இறங்குமா?

கேள்வி: எனக்கு 57 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். நான்கு மாடுகள். எனக்கு மூன்று குழந்தைகளும் சுகப்பிரசவம். இரண்டு வருடமாக அடி (கர்ப்பப்பை) இறங்கி, சாயந்திரமானால் வெளியே கைக்குத் தட்டுப்படுகிறது. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். என் நங்கையாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தும் திரும்ப இறங்கிவிட்டது. பிறகு எனக்கு மட்டும் எதற்கு?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. ஆனால் நங்கையாளுக்கு இப்போது இறங்கியிருப்பது கர்ப்பப்பை அல்ல, அதைத்தான் எடுத்தாயிற்றே! பிரசவத்தில் இழுபட்ட தசைகளும் தசைநார்களும் மாதவிடாய் நின்றபின் இன்னும் நலிந்துவிடுகின்றன. தாங்கல் போனதால்தான் கர்ப்பப்பை இறங்குகிறது. தூரிக் (ஊஞ்சல்) கயிறு நைந்திருக்கும்போது பலகையை மட்டும் கழற்றினால் போதுமா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தாங்கலைச் சரிசெய்யாமல் விட்டால், பிறப்புறுப்பின் உச்சியே கீழே வரலாம். மூத்திரப்பையும் மலக்குடலும் சுவரைத் தள்ளிக்கொண்டு புடைக்கலாம்.

அதனால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்: "கர்ப்பப்பையை எடுத்தபின் உச்சியை எதில் பிடித்துத் தைப்பீர்கள்?" இடுப்பெலும்போடு சேர்ந்த உறுதியான தசைநாரில் தைப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. பிறப்புறுப்பு வழியாகவே செய்வதால் வயிற்றில் தழும்பு இருக்காது.

பலன் என்ன? பெரும்பாலான பெண்களுக்கு அந்தக் கனமும் புடைப்பும் நீங்கி, நிம்மதியாக உட்கார முடிகிறது. சிலருக்குச் சில ஆண்டுகளில், குறிப்பாகப் பிறப்புறுப்பின் முன்சுவர், மறுபடி தளர்வதுண்டு. தொந்தரவு இல்லையென்றால் அதற்கு மறு ஆபரேஷன் தேவையில்லை. இருமினால் மூத்திரம் கசிவது புதிதாகத் தொடங்கவும் கூடும். இறக்கத்தால் மடங்கியிருந்த மூத்திரப்பாதை நிமிர்வதே காரணம். இதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். தாங்கலுக்குச் செயற்கை வலை வைப்பது பற்றி யாராவது சொன்னால், பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019-இல் நிறுத்தச் சொன்னதை நினைவில் வையுங்கள்.

எனக்கு உண்மையான கவலை உங்கள் கட்டுத்தறியைப் பற்றித்தான். போன வருடம் ஓர் அம்மா இதே ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரப் பரிசோதனைக்கு வந்தார். சும்மாட்டுத் துணி கழுத்தில், முந்தானையில் சோளத்தட்டின் சோகை. "தூக்கினீர்களா?" என்றேன். "மாடு கத்துகிறதே, என்ன செய்வது?" என்றார். திட்ட மனம் வரவில்லை. வெளியே நின்ற கணவரை உள்ளே கூப்பிட்டுப் பேசினேன். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தட்டுக்கட்டு, பால் கேன், தண்ணீர்க் குடம் எதுவும் கூடாது. நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். முக்குவதும் தையலை இழுக்கும்.

ஆபரேஷன் வேண்டாம் என்றால், இறங்கியதைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வளையம் பொருத்தலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இடுப்புத்தளப் பயிற்சி நல்லதுதான், ஆனால் இவ்வளவு வெளியே வந்ததை அது மட்டும் உள்ளே கொண்டுபோகாது. இரத்தமோ புண்ணோ தெரிந்தாலும், மூத்திரம் அடைத்தாலும் தாமதிக்காதீர்கள்.

கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகளிர் பிரிவு இருக்கிறது. காப்பீட்டு அட்டையோடு போங்கள். வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள், மூன்று மாதம் பால் கறக்கப்போவது அவர்தானே.