ஒரு தாயால் ஏலாத வேலை

வணக்கம் ஐயா. எங்கள் பகுதியில் கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருவார். அண்மையில் ஒரு கூட்டத்தில், "ஆண் வேட்டையாட, பெண் பிள்ளை வளர்க்க, அப்படித்தான் குடும்பம் உருவானது, பெண்வீட்டில் குடியிருப்பது இயற்கைக்கு முரண்" என்றார்கள். உண்மையா?
கே., களுவாஞ்சிகுடி

அன்புள்ள கே.,

இல்லை. பால் மறந்த பிள்ளைக்கு யார் உணவு கொடுத்தார்கள் என்று பாருங்கள், குடும்பம் விளங்கும்.

கோழிக்குஞ்சு பொரித்த ஓரிரு நாளிலேயே கொத்தித் தின்னும். சிம்பன்சிக் குட்டி நாலைந்து வருடம் பால் குடிக்கும். மறந்தபின் தானே தேடித் தின்னும். அதன் தாய் 5, 6 வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். வேட்டையாடி, கிழங்கு கிண்டி வாழும் மனிதரிடமோ இடைவெளி 3, 4 வருடம். மூத்தது இன்னும் கையேந்தி நிற்கையில் இளையது மடிக்கு வந்துவிடும். பிறக்கும்போது நம் மூளை பெரியவர் மூளையில் ஏறத்தாழ 30 வீதம்தான். ஐந்து வயதளவில் உடல் செலவிடும் சக்தியில் 40 வீதத்துக்கு மேல் அதுவே தின்கிறது. இந்தச் செலவு ஒரு தாயால் ஏலாது.

தான்சானியாவில் இப்படி வாழும் ஹட்சா மக்களிடம் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் குழுவினரும் இதை நிறுத்துப் பார்த்தார்கள். அங்கே முக்கிய உணவு ஆழத்தில், கல்லுக்கிடையே கிடக்கும் கிழங்கு. பால் மறந்த பிள்ளைக்கு அதைக் கிண்டப் பலம் போதாது. தாயிடம் கைக்குழந்தை இல்லாதபோது, பிள்ளையின் எடை அவள் உழைப்பைப் பொறுத்து ஏறியது. புதுக்குழந்தை வந்ததும் அந்தத் தொடர்பு அறுந்து, பாட்டியின் உழைப்போடு சேர்ந்துகொண்டது. மாதவிடாய் நின்றபின்னும் பெண்கள் நெடுங்காலம் வாழ்வதற்கு இதுவே காரணமா என்பதில் இன்றும் வாதம் உண்டு. பாட்டி உணவு தந்தாள் என்பதில் இல்லை.

தகப்பனையும் தள்ளிவிட முடியாது. பராகுவேயின் அச்சே மக்கள் காட்டில் வாழ்ந்தபோது உணவின் பெரும்பங்கு ஆண்களின் வேட்டையில் வந்தது. 2008இல் ஆய்வாளர்கள் ரெபேக்கா சியரும் ரூத் மேஸும் 45 மக்கள்கூட்டங்களின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். சிசுப்பருவத்தில் தாய் இறந்தால் பிள்ளைக்கு எங்கும் ஆபத்து. அவளுக்கு அடுத்து உதவியது யார் என்பது இடத்துக்கு இடம் மாறியது. தாய்வழிப் பாட்டி பல இடங்களில் முன்னின்றாள்.

ஆகவே உங்கள் மட்டக்களப்பு முறைதான் இயற்கையானது என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ வேறு வீடு கட்டிப் போகிறார்கள். மகள் இளையதுக்குப் பால் கொடுக்கும் நேரம், மீனில் முள் எடுத்துச் சோறு குழைத்து மூத்ததுக்கு ஊட்ட அம்மம்மா வேலிக்கு அப்பால் இருக்கிறார்.