இலை கொட்டிய அடீனியத்தைப் பிடுங்கலாமா?

பிடுங்காதீர்கள். மார்கழிக் குளிரில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு ஓய்வெடுப்பது பாலைவன ரோஜா எனப்படும் அடீனியத்தின் இயல்பு. தினமும் தண்ணீர் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. இலையில்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது. ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பருத்த அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி நலம். லேசாகச் சுருங்கியிருந்தாலும் பயமில்லை. கூழாக அமுங்கினால் உடனே வெளியே எடுத்து, அழுகலை மிச்சமில்லாமல் வெட்டி, நிழலில் சில நாள் உலரவிட்டு, மணல் அதிகம் கலந்த புது மண்ணில் வையுங்கள்.

பங்குனியில் வெயில் ஏறும்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். புதுக்கிளை நுனியில்தான் பூ வரும். செடியும் தொட்டிக்குள் அடக்கமாக நிற்கும். நல்ல வெயில் கிடைத்தால் மாதக்கணக்கில் பூக்கும், அவ்வளவு அருமையான செடி!

வெட்டும்போது வடியும் பால் நஞ்சு. கையுறை போடுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.